காட்டக் கூடாத வேலையைக் காட்டிய மகனுக்கு

வில்லாபுரம், மதுரை.
17.8.2007, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குப் புறப்படுகிறாய். திங்கட்கிழமை, ஆகஸ்ட் 20 அன்று, புதிய நிறுவனத்தில் சேர்கிறாய். அவர்கள் ஜூலை கடைசியிலேயே உன்னை வரச் சொன்னார்கள். உன் அம்மா "ஆடி போகட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய், அவர்களும் சரி என்றார்கள். ஒரு நிறுவனம் இவ்வளவு எளிதாகச் சரி என்று சொன்னது எனக்கு அப்போதே உறுத்தியது. அவசரமாக ஆள் வேண்டும் என்றவர்கள் மூன்று வாரம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நேரில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீ "சரிப்பா" என்கிறாய். அந்தச் "சரிப்பா"வுக்கு ஒப்புதல் என்று பொருள் அல்ல, போதும் என்று பொருள். அது எனக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. உன்னோடு வேலை பார்த்த நண்பர்கள் சிலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் உன்னைப் போலவே பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று நினைக்கிறேன். இதை அவர்களிடமும் படிக்கக் கொடு. அதனால்தான் எந்த மனிதரின் பெயரையும் எந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. பிறருடைய ரகசியத்தைக் காப்பது பற்றி எழுதும் கடிதத்தில் நானே அவர்கள் பெயரைப் போட்டுவிட்டால், உன்னைக் கண்டித்ததற்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

நான் சந்தேகப் பிராணி என்பதை நான் மறுக்கவில்லை. பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 1966 முதல் 1999 வரை மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்தவன் நான். ஒவ்வொரு தாளையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையின் ஓரத்தையும் கையெழுத்தின் சாய்வையும் பார்த்த பிறகே உள்ளே அனுப்புவேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் கையை விட்டுப் போகவில்லை. உன் அம்மா அவளுடைய தங்கையிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழாமல் இல்லை: "இந்த மனுசன் கோயிலுக்குப் போனாக்கூட துன்னூற மோந்து பாத்துட்டுத்தான் பூசுவாரு." அது உண்மை. ஒரு முறை அந்தத் திருநீற்றில் சுண்ணாம்பு கலந்திருந்தது.

நீ முதலில் வேலை பார்த்த, இணையதளங்கள் செய்து கொடுக்கும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தது 2005 ஜூலை 4, திங்கட்கிழமை. சேர்வதற்கு முன்பு அவர்கள் கொடுத்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கையெழுத்துப் போடும் இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. படிக்க வேண்டிய இடத்தைக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் ஏன் காட்ட வேண்டும்? பூதக் கண்ணாடியை வைத்து முழுவதையும் படித்தேன். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையையோ அதில் உள்ள விவரங்களையோ பணியில் இருக்கும்போதும், பணியை விட்ட பின்னரும், அவர்களுடைய எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று அதில் இருந்தது. "பணியை விட்ட பின்னரும்" என்ற சொற்களின் கீழே விரலை வைத்து உன்னிடம் காட்டினேன். நீ சொன்னது இது: "எல்லாரும் சைன் பண்றதுதாம்ப்பா. இத எவனும் படிக்க மாட்டான்." படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான் என்று நான் சொன்னேன். அப்போதும் நீ "சரிப்பா" என்றாய்.

இணையதளம் என்றால் என்ன என்பதை எனக்கு நீதான் விளக்கினாய். தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிற கடைப் பலகை போன்றது ஒரு வகை. அதற்குப் பின்னால், கடவுச்சொல் உள்ளவர் மட்டும் நுழைகிற அறை போன்றது இன்னொரு வகை. ஜவுளிக்கடை ஒன்றுக்கும் பசுமலைப் பள்ளி ஒன்றுக்கும் நீ செய்தவை பலகைகள். அவற்றை யாருக்கும் காட்டலாம், ஆனால் அவற்றில் உன் திறமை பெரிதாக இல்லை. நீயே சொல்வாய், "அது ரெண்டு நாள் வேலைப்பா" என்று. உன் உண்மையான வேலை கப்பலூரில் வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலைக்காக ஓராண்டுக்கும் மேலாக உழைத்துச் செய்த அந்த அறைதான். அதன் முதலாளியை இனிக் கப்பலூர்க்காரர் என்று எழுதுகிறேன். ஊர் ஊராக இருக்கும் அவருடைய டீலர்கள் அதற்குள் நுழைந்து சரக்குக் கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று தீர்மானித்த விலை மட்டுமே தெரியும், அடுத்தவர் விலை தெரியாது. அதைச் செய்து முடித்த நாளில் நீ சாப்பிடக்கூட மறந்து அதைப் பற்றியே பேசினாய். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் உன் முகம் புரிந்தது.

2007 மார்ச் 31, சனிக்கிழமை அந்த நிறுவனம் மூடப்பட்டது. அன்று நீங்கள் எல்லோரும் செய்த வேலைகளை ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். கப்பலூர்க்காரரின் டீலர்கள், அவர்கள் ஊர்கள், விலைகள் அனைத்தும் அசல் விவரங்களோடு உன் பென் டிரைவில் வந்து சேர்ந்தன. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே இந்த வீட்டில் சண்டை வந்திருக்கும்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் நீ பட்ட பாட்டை நான் பார்க்காமல் இல்லை. போன இடமெல்லாம் "என்ன செய்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டார்கள். நீ ஜவுளிக்கடைப் பலகையைக் காட்டினாய். உதட்டைப் பிதுக்கினார்கள். பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறேன், அதைக் காட்ட முடியாது என்று சொன்னால், இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுக் கதை சொல்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். சந்தேகப்படுகிறவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஆனால் என் மகனை அப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஜூன் 4, திங்கட்கிழமை பை-பாஸ் சாலையில் ஒரு மாடி அலுவலகத்தில் உனக்கு நேர்காணல். புதிதாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் நிறுவனம் என்றாய். மதுரையிலேயே வேலை என்பதால் உன் அம்மாவுக்கு மகிழ்ச்சி. நானும் கூட வந்தேன். "வேண்டாம்ப்பா, சின்னப் பையன அப்பா கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்று நீ கெஞ்சியதால், மேலே வராமல் எதிர்ப் பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாடிக்குக் கீழே, தரைத்தளத்தில், கண்ணாடி அலமாரி நிறையக் கருப்பு வளையங்களும் குழாய்களும் அடுக்கியிருந்தன. டீக்கடைக்காரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, மேல இருக்கிறது என்ன கம்பெனி?"

"கம்ப்யூட்டருங்கய்யா. புதுசு. சித்திரையிலதான் தொறந்தாக."

"கீழே இருக்கிறது?"

"அது ரப்பர் சாமான் கம்பெனி. லாரி, பஸ்சுக்குப் போடுற பார்ட்சு. அந்த மொதலாளியோட மருமகந்தேன் மேல கம்ப்யூட்டரு வச்சிருக்காரு. மாமனாரு கீழ, மருமகன் மேல!" என்று சிரித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏங்கய்யா, பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீகளா? இம்புட்டு விசாரிக்கிறீக?" என்றார்.

கப்பலூர்க்காரர் செய்கிற அதே சரக்கு. நீ மேலே எதைக் காட்டிக்கொண்டிருக்கிறாய் என்பது அந்தக் கணத்தில்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நீ இறங்கி வந்தபோது உன் கையில் வேலைக்கான உத்தரவு இருந்தது. அடுத்த திங்கட்கிழமை, ஜூன் 11 அன்று சேர வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். வீட்டில் உன் அம்மா கேசரி கிண்டினாள். நான் கேசரியைத் தொடாமல் உன்னிடம் கேட்டேன், "என்னென்ன கேள்வி கேட்டார்கள்?" நீ உற்சாகமாகச் சொன்னாய். கப்பலூர் வேலையை லேப்டாப்பில் போட்டுக் காட்டியதையும், அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்ததையும் சொன்னாய். எந்த ஊர் டீலருக்குத் தள்ளுபடி கூடுதல், விலையை எந்த மாதம் மாற்றுகிறார்கள், தேனிப் பக்கம் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார்களாம். கடைசியில், "சேரும்போது அந்த முழு புரோகிராமையும் அப்படியே கொண்டுவந்துவிடுங்கள்" என்றார்களாம்.

"நீ அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டார்களா?" என்றேன்.

நீ யோசித்தாய். "இல்ல... அதெல்லாம் கேக்கல. பாத்ததுமே புடிச்சுப் போச்சுப்பா."

வேலை கேட்டுப் போனவனிடம் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கல்லூரியில் ஒரு மாணவனைச் சேர்க்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்காமல் அவன் தகப்பனாரின் நிலத்தைப் பற்றியே விசாரித்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன். கீழே மாமனார், மேலே மருமகன் என்றேன். உன் முகம் சுருங்கியது. உன் அம்மாதான் முதலில் கோபப்பட்டாள்: "வேலை கெடச்சிருக்குன்னு பிள்ள வந்து நிக்கிறான். நீங்க டீக்கடையில ஒக்காந்து துப்புத் தொலக்கிட்டு வந்திருக்கீக! ரெண்டு மாசமா அவன் மொகத்தப் பாத்தீகளா?"

நான் விடவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை நினைவூட்டினேன். அடுத்தவர் வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாய் என்று கடுமையாகவே சொன்னேன். அப்போது நீ திருப்பி ஒரு கேள்வி கேட்டாய்.

"அக்கா கல்யாணத்துக்கு சமையல் மாஸ்டர எப்புடிப்பா புடிச்சீங்க? யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துலதான போயி சாப்ட்டுப் பாத்தோம்? அவங்களக் கேட்டுட்டா போனோம்? மாஸ்டர் செஞ்சா சரி, நான் செஞ்சா தப்பா?"

இதைப் படிக்கும் உன் நண்பர்களுக்காக அதை விளக்க வேண்டும். நம் பக்கம் கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கும் வழி இதுதான். மாஸ்டர் எந்த மண்டபத்தில் அன்று சமைக்கிறாரோ அங்கே நம்மை வரச் சொல்வார். அழைப்பு இல்லாத கல்யாணத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டு, பிடித்திருந்தால் நம் வீட்டுக்குப் பேசி முடிப்போம். உன் அக்காவின் திருமணத்துக்காக 2004 ஜூன் மாதம் நீயும் நானும் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்துக்குப் போனோம். மாஸ்டர் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "கடைசிக்கு முந்தின பந்தியில உக்காருங்கண்ணே. பொண்ணு வீடா மாப்ள வீடான்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார். யாரும் கேட்கவில்லை. நீ பாயசம் இரண்டு முறை வாங்கினாய். நான் வெளியே வரும்போது மணமகனின் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டீகளா?" என்று மனதார விசாரித்தார். நானும் மனதார, "ரொம்பத் திருப்தி" என்றேன்.

உன் அக்காவின் திருமணம் 2004 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த நான், முகம் தெரியாத மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தத்தையும் நாக்கில் வைத்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவதைக் கண்டேன். சம்பந்தி வீட்டாரிடம் கேட்டேன். "எங்க ஆளு இல்லியே. ஒங்க ஆளுன்னுல்ல நெனச்சு ரெண்டாவது அப்பளம் போடச் சொன்னேன்" என்றார் சம்பந்தி. விசாரித்தால், மாஸ்டர் வரச் சொன்ன ஆட்கள். நான் சமையற்கட்டுக்குப் போய்க் கத்தினேன். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எங்கைப் பக்குவத்த போட்டோ புடிச்சா காட்ட முடியும்? நீங்களும் இப்புடித்தானண்ணே வந்தீக?" நீ அப்போது என் பக்கத்தில் நின்றிருந்தாய். மூன்று ஆண்டுகள் அந்த வாசகத்தைப் பத்திரமாக வைத்திருந்து என் மீதே எறிந்தாய்.

நேர்காணலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்துவிட்டுத்தான் உனக்குப் பதில் சொன்னேன். அதை இங்கே மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்து, முதல் பந்தியிலேயே உட்கார வைத்திருப்பேன். கேட்காதது அவர் தவறு. திருப்பரங்குன்றத்தில் நாம் கேட்காதது நம் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாஸ்டர்கூடச் சாம்பாரைத்தான் காட்டினார். சமையற்கட்டுக்குப் பக்கத்திலேயே மணமகள் அறை இருந்தது. உன் அக்காவின் நகைகளும் பட்டும் அதற்குள் இருந்தன, சாவி உன் அத்தையின் இடுப்பில் இருந்தது. மாஸ்டர் அந்த அறையைத் திறந்து, "உள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்று மூன்று பேரையும் கூப்பிடவில்லை. நீ திறந்தது அந்த அறையை. ஒவ்வொரு டீலருக்கும் தன் விலை மட்டும் தெரியும்படி எப்படி அமைத்தாய், சரக்கு தீர்ந்தால் எப்படித் தெரிவிக்கிறது, இதெல்லாம் உன் கைப்பக்குவம். அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. தேனி டீலரின் விலை என்ன என்பது உன் கைப்பக்குவம் அல்ல. பை-பாஸ் சாலைக்காரர்கள் சாம்பாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நேராக அறைக்குத்தான் போனார்கள். அதனால்தான் சந்தேகப்பட்டேன்.

ஜூன் 7, வியாழக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கப்பலூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாய். நான் போகச் சொல்லவில்லை. சொல்லப்போனால், போனால் வழக்குப் போட்டுவிடுவார் என்று அஞ்சி, பேசாமல் அந்தப் பென் டிரைவை அழித்துவிட்டு வேறு வேலை தேடச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ என்னை விடச் சரியாக நடந்துகொண்டாய். பிற்பகல் திரும்பி வந்து, சாப்பிடாமல், அங்கே நடந்ததை எங்கள் இருவருக்கும் சொன்னாய். அவர் பேசியதை நீ சொன்னபடியே எழுதுகிறேன்.

"எம்புட்டுக் காட்டுன?" என்று கேட்டிருக்கிறார்.

"முக்கால்வாசி காட்டிட்டேன் சார்."

"அசல் வெலையோடவா?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

நீ சொல்லியிருக்கிறாய். அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாராம். "எந்தம்பி மகன்கூட எங்க ஆபீஸ் ரூமுக்குள்ள வந்தது கெடயாதுடா. ஒன்னையத்தான் உள்ள விட்டேன். வேல கேக்குறதுன்னா எங்கழுத்தையா அறுத்துக் காட்டுவ?" என்றிருக்கிறார். நீ பென் டிரைவை மேசையில் வைத்து, அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டி, வேறு பிரதி இல்லை என்று சொல்லியிருக்கிறாய். "இல்லேன்னு நான் எப்புடி நம்புறது?" என்று கேட்டாராம். "போயிரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது நீ அழவில்லை. உன் அம்மா அழுதாள்.

அடுத்த நாள் பை-பாஸ் சாலைக்காரர்களுக்குத் தொலைபேசியில் வேலைக்கு வரவில்லை என்று சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சரி, வேலைக்கு வரலேன்னா பரவாயில்ல. அந்தப் புரோகிராமை மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது. நீ ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். என் சந்தேகம் சரியாகிப்போனதில் எனக்கு அன்று மகிழ்ச்சி இல்லை.

ஜூன் 23, சனிக்கிழமை கப்பலூர்க்காரர் நம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்தது நான். குரலைக் கேட்டதும் வக்கீல் நோட்டீஸ் பற்றித்தான் பேசப்போகிறார் என்று முடிவு செய்துவிட்டேன்.

"தம்பி இருக்காகளா?"

"என்ன விஷயம் என்று சொன்னால் சொல்லி விடுகிறேன்."

"நீங்க அவுக அப்பாவா? பய சொல்லிருக்கான் ஒங்களப் பத்தி." கொஞ்சம் சிரித்தது போல இருந்தது. "அண்ணே, அந்த பை-பாஸ் ரோட்டு ரப்பர்க்காரன் எங்க டீலருக்கெல்லாம் போன் போட்டுட்டான். பய முன்னாடியே வந்து சொன்னதுனால நானும் எல்லாருகிட்டயும் பேசி வெலைய மாத்திட்டேன். தேனிக்காரரு மட்டும் போயிட்டாரு. இருவது வருசப் பழக்கம். போனது போனதுதான்."

அவரே தொடர்ந்தார். "பயகிட்ட சொல்லுங்க. எங்க சமாச்சாரத்த இனி எங்கயும் காட்டக் கூடாது. ஆனா எவனாச்சும், இந்தப் பய வேல செஞ்சானான்னு கேட்டா, எனக்குப் போன் போடச் சொல்லுங்க. கணக்கு வழக்குச் சொல்ல மாட்டேன். பய எப்புடி வேல செஞ்சான்னு சொல்லுவேன்."

தன் டீலரை இழந்த மனிதர், இழக்கக் காரணமானவனுக்கு ஏன் இதைச் செய்ய வேண்டும்? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். ஏதாவது உள்நோக்கம் இருக்குமா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதன் பிறகு ஜூலை முதல் வாரம் முழுவதும் நீ உட்கார்ந்து, நேர்காணலில் காட்டுவதற்கென்றே ஒரு மாதிரித் தளத்தைச் செய்தாய். இல்லாத ஓர் அப்பளக் கம்பெனி, இல்லாத டீலர்கள், இல்லாத விலைகள். கப்பலூர் வேலையின் ஒரு வரியைக்கூட எடுக்காமல் முதலிலிருந்து எழுதினாய். எடுத்தாயா என்று நான் நாலு முறை கேட்டதற்கு மன்னித்துவிடு. டீலர்களுக்குப் பெயர் வைக்க உன் அம்மாவைக் கேட்டாய். "எங்கண்ணன திண்டுக்கல் டீலராப் போடு. அவனுக்கு மட்டும் வெலையக் கூட்டி வையி. பொங்கச் சீரு ஒழுங்காச் செய்யல" என்றாள் அவள். உன் மாமாவுக்கு இது தெரிய வேண்டாம்.

ஜூலை 14, சனிக்கிழமை பெங்களூரில் அந்த அப்பளக் கம்பெனியைக் காட்டினாய். அவர்கள் ஏன் இப்படி அமைத்தாய், ஒரே நேரத்தில் நூறு பேர் நுழைந்தால் என்ன ஆகும், எங்கே தவறு செய்தாய், எப்படித் திருத்தினாய் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். உண்மையான வேலை எங்கே என்று கேட்டதற்கு, "அது அவர்களுடையது, காட்ட முடியாது. ஆனால் அவரிடம் பேசலாம்" என்று கப்பலூர்க்காரரின் எண்ணைக் கொடுத்தாய். அவர்கள் பேசியும் விட்டார்கள். என்ன சொன்னார் என்று அறிய நானே கப்பலூருக்குத் தொலைபேசி போட்டேன். "நல்லா வேல செஞ்சான்னு சொன்னேன். ஒரு தப்புப் பண்ணுனான், அத அவனே வந்து சொன்னான்னும் சொன்னேன்" என்றார். அதை எதற்கய்யா சொன்னீர்கள் என்றேன். "கேட்டாக, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்றீக?" என்றார்.

அதைக் கேட்ட பிறகும் உன்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்று அவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும், அல்லது ஆள் கிடைக்காதவர்களாக இருக்க வேண்டும். எது என்பதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கேயும் சேரும் நாளில் உன்னிடம் தாள்களை நீட்டுவார்கள். அவசரம் என்பார்கள். எந்த அவசரத்தையும் நம்பாதே, முழுவதையும் படி. புரியாததைக் கேள். ஒரு வேலையை முடிக்கும்போதே, இதில் எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள். நிறுவனத்தை விட்டு வரும் நாளில் கேட்காதே, அன்று யாருக்கும் நேரம் இருக்காது. கடைசி நாளில் மற்றவர்கள் பிரதி எடுப்பார்கள். நீ எடுக்காதே. உனக்கென்று சொந்தமாக ஏதாவது சிறிதாகச் செய்துகொண்டே இரு, அதை ஊருக்கே காட்டலாம். உன் பழைய வேலையைப் பற்றி அளவுக்கு மேல் ஆர்வமாக ஒருவர் கேட்டால், அவர் உன்னைப் பற்றிக் கேட்கிறாரா அல்லது உன்னிடம் உள்ளதைப் பற்றிக் கேட்கிறாரா என்று கவனி. சிரித்துக்கொண்டே கேட்பவரை இன்னும் கூடுதலாகக் கவனி.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு எழுதச் சிரமமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ தொலைபேசியில் பேசுவாய். அங்கே என்ன வேலை செய்கிறாய், யாருக்காகச் செய்கிறாய், அது எப்படிப்பட்ட நிறுவனம் என்று நான் நிச்சயம் கேட்பேன். ஒரு வாரம் நீ மழுப்பினால், அடுத்த வாரம் சுற்றி வளைத்துக் கேட்பேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கூடக் கேட்பேன். நீ சொல்லிவிட்டால், அன்று மாலையே எதிர் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்வேன். அவர் மருமகன் எங்கே வேலை செய்கிறான் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே நீ சந்தேகப்பட வேண்டியவர்களில் என்னையும் சேர்த்துக்கொள். உன் வேலையைப் பற்றி எதுவும் தெரியாமலே நான் காலத்தைக் கழித்துவிடுவேன். எவ்வளவு கெஞ்சினாலும் என்னிடம் சொல்லாதே. சாப்பிட்டாயா என்று உன் அம்மா கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டே இருக்கப்போகிற,
உன் அப்பா.